68000 இருக்கும்போது ஐபிஎம் ஏன் 8088ஐ எடுத்தது?

பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். முதலாவது: “இன்டெலின் 8085, 8086 நுண்செயலிகள் இரண்டிலும் 16 பிட் எண்ணைச் சேமிக்கும்போது கீழ்ப்பாதி முன்னாலும் மேற்பாதி பின்னாலும் போகிறதே, இந்தத் தலைகீழ் வரிசைக்கு என்ன காரணம்?” இரண்டாவது: “மோட்டோரோலாவின் 68000 நுண்செயலி எல்லா வகையிலும் மேலானது என்கிறார்கள். அப்படியானால் 1981இல் ஐபிஎம் ஏன் இன்டெல் 8088ஐத் தேர்ந்தெடுத்தது? இன்றுவரை நம் கணினிகள் ஏன் அந்த வழியிலேயே வருகின்றன?” இரண்டும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் விடை ஒரே கதைக்குள் இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே விளக்குகிறேன்.

தமிழ்நாட்டில் மைக்ரோபிராசஸர் ஆய்வகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு 8085 பயிற்சி கிட் நினைவிருக்கும். ஆறு இலக்கங்கள் ஒளிரும் சிறு திரையில் நான்கு முகவரிக்கும் இரண்டு தரவுக்குமாக இருக்கும். எங்கள் ஆய்வகத்தில் நிரலை 4100 என்ற முகவரியிலிருந்து தொடங்குவோம். நிரலின் நடுவே 4105க்குத் தாவ வேண்டுமானால், தாவல் கட்டளையின் குறியை அடித்த பிறகு 05, அடுத்து 41 என்று அடிக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 41, 05 என்று அடித்துவிட்டால் செயலி 0541க்கு ஓடி, கிட்டின் நிரந்தர நினைவகத்துக்குள் எங்கோ நுழைந்துவிடும். பிறகு திரையில் என்ன தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரீசெட் பொத்தானை அழுத்துவது ஒன்றே வழி. இந்த வரிசைக்குக் காரணம் கேட்டால், “இன்டெல் அப்படித்தான் வைத்திருக்கிறது” என்பதே எங்களுக்குக் கிடைத்த பதில். உண்மையில் அந்த வரிசையை முடிவு செய்தது இன்டெல் அல்ல.

நுண்செயலியின் வரலாற்றை எல்லோரும் 4004இல் தொடங்குவார்கள். பிசிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் நிறுவனம் 1969இல் இன்டெலை அணுகியது. ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சில்லு செய்வதற்குப் பதிலாக, நிரலால் இயங்கும் பொதுச் சில்லு ஒன்றைச் செய்யலாம் என்று டெட் ஹாஃப் முன்மொழிந்தார். அதைச் சிலிக்கானில் வடித்துக் காட்டியவர் ஃபெடரிகோ ஃபாகின். 1971 நவம்பரில் விளம்பரப்படுத்தப்பட்ட அந்த 4 பிட் சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இதெல்லாம் சரிதான். ஆனால் 4004ஐ இரட்டிப்பாக்கி 8008 செய்தார்கள், அதை மேம்படுத்தி 8080 செய்தார்கள் என்று பல பாடநூல்கள் போடும் வம்சாவளி தவறானது. பெயரில் உள்ள ஒற்றுமை விற்பனைக்காக வைத்தது. 8008இன் கட்டளைத் தொகுதி முற்றிலும் வேறொரு வீட்டில் பிறந்தது.

அந்த வீடு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில் இருந்த கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன். அவர்கள் 1970இல் அறிவித்த டேட்டாபாயிண்ட் 2200 பார்வைக்கு ஒரு டெர்மினல். தொலைவில் உள்ள பெரிய கணினியோடு பேசுவதற்கான திரையும் விசைப்பலகையும் கொண்ட பெட்டி. பல வகைப் பெரிய கணினிகளோடு அது பேச வேண்டியிருந்ததால், உள்ளே நிரல்படி இயங்கும் ஒரு சிறு செயலியையே வைத்துவிட்டார்கள். அதன் கட்டளைகளை வகுத்தவர்கள் விக்டர் பூரும் ஹாரி பைலும். ஏ, பி, சி, டி, இ, எச், எல் என்று 8085இல் நாம் படிக்கும் ஏழு பதிவகங்களும் (செயலி தன் எண்களை வைத்துக்கொள்ளும் உள் இடங்கள்) அந்த டெர்மினலில் அதே பெயர்களோடு இருந்தன. எச், எல் இரண்டும் நினைவக முகவரியின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் என்பதும் அங்கிருந்தே வந்தது.

தலைகீழ் வரிசையின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அந்த டெர்மினலின் முதல் பதிப்பில் இருந்த நினைவகம் நகரும் பதிவகங்களால் ஆனது. அதில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்துகொண்டே இருக்கும். வேண்டிய இடம் வரும்வரை செயலி காத்திருக்க வேண்டும். செலவைக் குறைப்பதற்காகச் செயலியும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிட்டைக் கையாளும்படி அமைக்கப்பட்டிருந்தது. நாம் தாளில் கூட்டல் போடும்போது ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி, மீதியைப் பத்தாம் இடத்துக்குக் கொண்டுபோகிறோம் அல்லவா? பிட் பிட்டாகக் கூட்டும் இயந்திரத்துக்கும் அதே நிர்ப்பந்தம். மதிப்பில் சிறிய பிட் முதலில் வந்தால்தான் மீதியை அடுத்ததற்கு எடுத்துச் செல்ல முடியும். ஒரு பைட்டை மிஞ்சிய முகவரியிலும் கீழ்ப்பாதி முதலில் வந்தால்தான் வேலை தடங்கலின்றி நடக்கும். ஆகவே கீழ்ப்பாதி முன்னால், மேற்பாதி பின்னால். கிட்டில் 05, 41 என்று அடிக்கும் வழக்கத்தின் வேர் அந்த மலிவான நினைவகம்.

இந்தச் செயலிப் பலகையை ஒரே சில்லாகச் செய்து தர முடியுமா என்று அந்த நிறுவனம் இன்டெலிடம் கேட்டது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் அதே வேலையில் இறங்கித் தோற்றது. இன்டெலின் சில்லு தயாராவதற்குள் காலம் கடந்துவிட்டது. அதைவிட வேகமாக ஓடும் பலகையைச் சாதாரணச் சில்லுகளைக் கொண்டே அமைக்கலாம் என்ற நிலை வந்தபோது, டெர்மினல் நிறுவனம் தான் கேட்ட சில்லை வேண்டாமென்று சொல்லி, அந்த வடிவமைப்பை விற்கும் உரிமையை இன்டெலிடமே விட்டுவிட்டது. கணினி வரலாற்றில் இதைவிட விலை போன உரிமை வேறொன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சில்லுதான் 1972 ஏப்ரலில் 8008 என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதன் உள்ளே கணக்கு பிட் பிட்டாக நடக்கவில்லை. எட்டு பிட்டும் ஒருசேர நடந்தன. ஆனாலும் டேட்டாபாயிண்டுக்கு எழுதிய நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காகவே தலைகீழ் வரிசை அப்படியே தங்கிவிட்டது. காரணம் போய்விட்ட பிறகும் வழக்கம் நின்றது. இந்தக் கதையில் இது முதல் முறை. இனிப் பல முறை நடக்கும்.

8008ஐ வேகமாக்கி, 64 கிலோபைட் நினைவகத்தை எட்டும்படி செய்த 8080 1974இல் வந்தது. அதை வைத்துக்கொண்டு நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் செய்த ஆல்டேர் 8800, 1975 ஜனவரி மாதப் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் இடம்பெற்றது. அதற்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது; முகப்பில் இருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித்தான் நிரலை ஏற்ற வேண்டும். அடிப்படைப் பெட்டியில் இருந்த நினைவகம் 256 பைட். இருந்தும் ஆர்வலர்கள் வாங்கிக் குவித்தார்கள். கேரி கில்டால் எழுதிய சிபி/எம் என்ற இயங்குதளம் 8080 கணினிகளில் பரவியது. ஃபாகின் இன்டெலை விட்டு வெளியேறி 1976இல் கொண்டுவந்த ஜைலாக் இசட் 80 சில்லும் 8080 நிரல்களை ஓட்டக்கூடியது என்பதால், சிபி/எம் நிரல்களின் குவியல் மேலும் பெருகியது. மறுபக்கம் 25 டாலருக்கு விற்கப்பட்ட 6502 சில்லைக் கொண்டு 1977இல் ஆப்பிள் II, கமடோர் பெட் ஆகியவை வந்தன. வீட்டுக் கணினியின் வரலாற்றில் 6502க்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் அலுவலகக் கணக்கு, கடிதம், சரக்குப் பதிவு போன்ற நிரல்கள் பெருமளவு சேர்ந்த இடம் 8080 குடும்பம். இரண்டாவது கேள்விக்கு இந்தக் குவியல் முக்கியம்.

இனி 8086. இன்டெல் 1975 வாக்கில் கையில் எடுத்திருந்த பெருங்கனவு வேறு: பிற்பாடு 432 என்ற பெயரில் வெளிவந்த 32 பிட் வடிவமைப்பு. உயர்நிலை மொழிகளின் பல சிக்கல்களை வன்பொருளிலேயே தீர்க்க வேண்டும் என்ற நோக்கத்தோடு தொடங்கிய அந்த வேலை இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் ஜைலாக் சந்தையைப் பறிக்கத் தொடங்கியதால், இடைக்கால ஏற்பாடாக 16 பிட் சில்லு ஒன்றை விரைந்து செய்ய முடிவெடுத்து, கட்டளைத் தொகுதியை வகுக்கும் பொறுப்பை 1976 மே மாதம் ஸ்டீபன் மோர்ஸிடம் கொடுத்தார்கள். அவர் மென்பொருள் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்கு இடப்பட்ட நிபந்தனை, 8080க்கு அசெம்பிளியில், அதாவது செயலியின் கட்டளைகளை நேரடியாகக் குறிக்கும் மொழியில், எழுதிய நிரலை இயந்திரத்தனமாக மொழிமாற்றினால் புதிய சில்லில் ஓட வேண்டும் என்பது. 1978 ஜூனில் சில்லு வெளிவந்தது. ஏறத்தாழ 29,000 டிரான்சிஸ்டர்கள். 432 ஒருவழியாக 1981இல் வந்து, மெதுவான சில்லு என்ற பெயரை வாங்கிக்கொண்டு மறைந்தது. இடைக்கால ஏற்பாடு இன்னும் நம்மோடு இருக்கிறது.

8086இல் மாணவர்கள் அதிகம் திட்டுவது அதன் பகுதி முறையை. 16 பிட் பதிவகத்தால் 64 கிலோபைட்டைத்தான் சுட்ட முடியும். வேண்டியதோ 1 மெகாபைட். அதனால் பகுதிப் பதிவகத்தின் மதிப்பை 16ஆல் பெருக்கி, அதனோடு உள்முகவரியைக் கூட்டினார்கள். பகுதி 100, உள்முகவரி 50 என்றால் 1,650. பகுதி 101, உள்முகவரி 34 என்றாலும் அதே 1,650. ஒரே வீட்டுக்கு இரண்டு தெருவின் பெயரிலும் தபால் வரும் கதை இது. ஆனால் 64 கிலோபைட்டுக்குள் அடங்கிய 8080 நிரலை எடுத்து, பகுதிப் பதிவகங்களை ஒரே இடத்தில் வைத்துவிட்டால், அது எந்த மாற்றமும் தெரியாமல் ஓடும். மோர்ஸுக்குக் கொடுத்த நிபந்தனைக்கு இது பொருத்தமான விடை என்பதை மறுக்க முடியாது.

1979இல் வந்த 68000 இத்தகைய சுமை எதையும் தூக்கவில்லை. மோட்டோரோலா தன் பழைய 6800உடன் உள்ள நிரல் இணக்கத்தைக் கைவிட்டு, புதிதாகத் தொடங்கியது. 32 பிட் அகலமுள்ள பதிவகங்கள் 16, பகுதிகள் இல்லாத ஒரே நேர்கோட்டு முகவரி, 16 மெகாபைட் எல்லை, எண்கள் நாம் எழுதும் வரிசையிலேயே நினைவகத்தில் அமர்வது என்று பார்த்தால், அசெம்பிளி எழுதுபவருக்கு அது விருந்து. தரத்தில் அது மேலானது என்று உங்கள் ஆசிரியர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஃப்ளோரிடாவின் போகா ரேட்டனில் இருந்த ஐபிஎம் குழு தேடியது நிரலாளரின் விருந்தை அல்ல. ஏறத்தாழ ஓராண்டுக்குள் விற்கத் தயாரான பெட்டி ஒன்றை முடிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. ஐபிஎம்மின் வழக்கமான ஆண்டுக்கணக்கான உருவாக்க முறையை ஒதுக்கிவைத்து, வெளிச்சந்தையில் கிடைக்கும் பாகங்களை வாங்கிச் சேர்க்க அவர்களுக்கு அனுமதி இருந்தது. 

அந்தக் குழுவில் பலர் அதற்கு முன் டேட்டாமாஸ்டர் என்ற ஐபிஎம் அலுவலகக் கணினியில் வேலை செய்தவர்கள். அதன் செயலி நம் ஆய்வகத்து 8085. இன்டெலின் கருவிகளும் கையேடுகளும் அவர்களுக்குப் பழகியிருந்தன. டேட்டாமாஸ்டரின் விரிவாக்கப் பஸ் (கூடுதல் அட்டைகளோடு தரவு போய்வரும் தடம்) வடிவமைப்பையே புதிய கணினிக்கும் எடுத்துக்கொண்டார்கள். 8086இன் தரவு பஸ்ஸை வெளியே 8 பிட்டாகக் குறுக்கியதுதான் 1979இல் வந்த 8088. உள்ளே 16 பிட் செயலி, வெளியே 8 பிட் தடம். இதனால் 8085 காலத்துத் துணைச் சில்லுகளை அப்படியே சுற்றிலும் பொருத்த முடிந்தது. ஐபிஎம் பீசியின் பலகையில் இருந்தவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள்: தடையீடுகளுக்கு 8259, நேரம் எண்ண 8253, உள்ளீடு வெளியீட்டுக்கு 8255, நினைவக நேரடி அணுகலுக்கு 8237. ஆய்வகத்தில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றாகக் கிட்டோடு இணைத்துப் பார்க்கிறீர்களே, அதே சில்லுகள். எல்லாம் ஏற்கெனவே உற்பத்தியில், மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தவை.

68000க்கோ 16 பிட் தடம் வேண்டும். அப்படியானால் நினைவகச் சில்லுகளையும் அதற்கேற்ப அதிக எண்ணிக்கையில் வைத்தாக வேண்டும். 64 பின் கொண்ட பெரிய உறை. துணைச் சில்லுகள் இன்னும் முழுமையாக வரவில்லை. 8088க்கு இணையாக 8 பிட் தடம் கொண்ட 68008ஐ மோட்டோரோலா வெளியிட்டது 1982இல். ஐபிஎம் தன் கணினியை அறிமுகப்படுத்தியது 1981 ஆகஸ்ட் 12. தேர்வு நடந்தபோது அந்தச் சில்லு கடையிலேயே இல்லை. என் கணிப்பில், ஒப்பீடு அத்தோடு முடிந்துவிட்டது.

அந்தக் குழு எவ்வளவு சிக்கனமாக யோசித்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 8088ஐ 5 மெகாஹெர்ட்ஸில் ஓட்டலாம். ஐபிஎம் ஓட்டியது 4.77இல். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்குத் தேவையான அலைவரிசையைப்போல் நான்கு மடங்கான 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றைப் பலகையில் வைத்து, அதை நான்கால் வகுத்துத் தொலைக்காட்சிக்கும், மூன்றால் வகுத்துச் செயலிக்கும், பன்னிரண்டால் வகுத்து 8253க்கும் கொடுத்தார்கள். இன்னொரு படிகத்தின் செலவு மிச்சம். பன்னிரண்டால் வகுத்தால் கிடைக்கும் நொடிக்கு 1,193,182 என்ற எண் லினக்ஸின் மூலநிரலில் இன்றும் இருக்கிறது.

இயங்குதளத்திலும் இதே போக்கைக் காணலாம். சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் 8086 பலகை ஒன்றை விற்றுவந்தது. அதற்கான சிபி/எம் வரத் தாமதமானதால், டிம் பேட்டர்சன் 1980இல் தாமே ஒன்றை எழுதினார். 8080இலிருந்து மொழிமாற்றிய நிரல்கள் ஓட வேண்டும் என்பதால் நிரல்கள் சிபி/எம்மை அழைக்கும் முறையையே அவர் பின்பற்றினார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி ஐபிஎம்முக்கு வழங்கியது. அதுவே டாஸ். டிஸ்க்குகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளால் பெயரிடும் முறை சிபி/எம்மிடமிருந்து வந்தது. விண்டோஸில் நாம் இன்றும் திறக்கும் சி டிரைவ் அந்த வழியில் வந்த எழுத்து.

இவ்வளவும் ‘ஏன் தேர்ந்தெடுத்தார்கள்’ என்பதற்கான விடை. ‘ஏன் மாறவில்லை’ என்பது வேறு. வாங்கிய பாகங்களால் ஆன கணினியில் ஐபிஎம்முக்கே உரியதாக இருந்தது பெரும்பாலும் பயாஸ் எனப்படும் அடிப்படை நிரல்தான். அதன் முழு மூலநிரலையும் பலகையின் சுற்றுப்படங்களையும் ஐபிஎம் கையேடாகவே அச்சிட்டு விற்றது. நகலெடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல். அதனால் காம்பேக் போன்ற நிறுவனங்கள் அந்த மூலநிரலையே பார்த்திராத பொறியாளர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் பயாஸை எழுதவைத்தன. காம்பேக்கின் தூக்கிச் செல்லும் கணினி 1982 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இத்தகைய பயாஸை எல்லோருக்கும் விற்கத் தொடங்கிய பிறகு, பாகங்களை வாங்கி யார் வேண்டுமானாலும் பொருந்தும் கணினியைச் செய்யலாம் என்றாயிற்று. பின்னாளில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் மதர்போர்டும் அடுத்த கடையில் ரேமும் வாங்கி அசெம்பிள் செய்தவர்கள், அந்த வசதியைத்தான் அனுபவித்தார்கள். இதற்குப் பிறகு செயலிக் குடும்பத்தை மாற்றும் அதிகாரம் ஐபிஎம் உட்பட எந்தத் தனி நிறுவனத்திடமும் இல்லை. 1985 அக்டோபரில் வந்த 32 பிட் 80386ஐ வைத்து முதலில் பெயர்பெற்ற கணினியை 1986இல் விற்றது ஐபிஎம் அல்ல, காம்பேக் என்பதே இதற்குச் சாட்சி.

பழையதைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1984இன் ஐபிஎம் பீசி/ஏடி. 8086இல் 1 மெகாபைட்டைத் தாண்டும் முகவரி சுற்றிக்கொண்டு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். சில நிரல்கள் இந்தச் சுற்றலையே நம்பியிருந்தன. சிபி/எம் பாணி அழைப்புக்காக டாஸ் செய்திருந்த ஏற்பாடும் அவற்றில் ஒன்று. பீசி/ஏடியின் செயலியான 80286இலோ முகவரிக் கம்பிகள் 24. சுற்றாமல் மேலே போய்விடும். ஐபிஎம் பொறியாளர்கள் 21ஆவது கம்பியைத் திறந்து மூட ஒரு கதவு வைத்தார்கள். அதைக் கட்டுப்படுத்தத் தனிப் பாகம் வைக்காமல், விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லில் பயன்படாமல் இருந்த ஒரு பின்னோடு இணைத்துவிட்டார்கள். நினைவகத்தின் மேற்பகுதியைத் தொட வேண்டுமானால் விசைப்பலகையிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற நிலை! இதைக் கேட்டுச் சிரிக்காத இயங்குதள மாணவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

இன்டெலே இந்த வழியிலிருந்து விலக முயன்றது. எச்பி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஐடேனியம் 2001இல் வந்தது. பழைய நிரல்கள் அதில் மிக மெதுவாக ஓடின. அதே 8086 மரபை 64 பிட்டுக்கு நீட்டி ஏஎம்டி 2003இல் ஆப்டெரானைக் கொண்டுவந்தபோது வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அடுத்த ஆண்டே இன்டெலும் ஏஎம்டி வகுத்த நீட்சியைப் பின்பற்ற வேண்டியதாயிற்று. 68000க்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. 1984இன் மெக்கின்டாஷில் அது இருந்தது. பின்பு ஆப்பிள் பவர்பீசி என்ற வேறொரு செயலிக் குடும்பத்துக்கும், 2006இல் இன்டெலுக்கும், 2020இல் தன் சொந்த ஆர்ம் சில்லுகளுக்கும் மாறியது. வன்பொருளும் இயங்குதளமும் ஒரே கையில் இருந்ததால் ஆப்பிளால் மூன்று முறை மாற முடிந்தது. ஆயிரம் கைகளில் சிதறிக் கிடந்த பீசிக்கு அது முடியவில்லை.

முதல் கேள்விக்கு ஒரு சேர்க்கை. தலைகீழ் வரிசை என்றாலே டேட்டாபாயிண்டின் மிச்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 6502ஐ வடிவமைத்தவர்களும் அதே வரிசையைத்தான் வைத்தார்கள், வேறு காரணத்துக்காக: முகவரியின் கீழ்ப்பாதி முதலில் வந்துவிட்டால், மேற்பாதி வந்துசேரும் நேரத்திலேயே சுட்டெண்ணைக் கீழ்ப்பாதியோடு கூட்டி முடித்துவிடலாம், செயலியின் ஒரு கடிகாரத் துடிப்பு மிச்சமாகும். ஆகவே அந்த வரிசைக்கு உண்மையான பொறியியல் நியாயமும் உண்டு. 8008இல் அது அந்த நியாயத்துக்காக இடம்பெறவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இன்றைய இன்டெல், ஏஎம்டி செயலிகளும் மின்சாரம் கிடைத்தவுடன் 8086ஐப் போன்ற 16 பிட் நிலையில்தான் கண்விழிக்கின்றன. அங்கிருந்து 32க்கும் 64க்கும் ஏறிச் செல்வது அடிப்படை நிரலின் வேலை. இந்தப் பழைய படிகளை நீக்கிவிட்டு நேரடியாக 64 பிட்டில் தொடங்கும் வடிவம் ஒன்றை இன்டெல் 2023இல் முன்மொழிந்தது. 2024 டிசம்பரில் அந்த முன்மொழிவையும் கைவிட்டுவிட்டது.